நவாஹோ மக்கள் பாலைநிலத்தின் ஆதிக்குடிகளா?

நவாஹோ, அப்பாச்சி என்றதும் செம்பாறைகளும் வறண்ட சமவெளியும் குதிரை வீரர்களும் நம் கண்முன் வந்துவிடுகிறார்கள். அவர்கள் தொன்றுதொட்டே அமெரிக்கத் தென்மேற்கின் பாலைநிலத்தில் வாழ்ந்தவர்கள் என்ற நம்பிக்கைக்கு ஹாலிவுட் படங்கள் உரமிட்டன. ஆனால் அவர்கள் பேசும் மொழி வேறு கதை சொல்கிறது. அது அதபாஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே வாழும் ஹோப்பி, சூனி மக்களின் மொழிகளோடு அதற்கு உறவில்லை; உறவில் பெரும்பகுதி அலாஸ்காவின் உட்பகுதியிலும் கனடாவின் மெக்கன்சி ஆற்றுப் படுகையிலும், பனிக்காடுகளில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்களை டெனே என்கிறார்கள். நவாஹோக்கள் தங்களைத் தினே என்கிறார்கள். குடும்பத்தின் பெரும்பாலான மொழிகள் வடக்கில்தான் வழங்குகின்றன. அவை தம்முள் ஆழமாக வேறுபட்டும் நிற்கின்றன. நவாஹோ, அப்பாச்சி ஆகிய தெற்கு மொழிகளோ ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை, அதாவது அண்மையில் பிரிந்தவை. ஆகவே மொழி வடக்கிலிருந்து தெற்கே வந்திருக்க வேண்டும். மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1936இல் இன்னும் நுட்பமான சான்றுகளைக் காட்டினார். சுரைக்குடுவை அகப்பையைக் குறிக்கும் நவாஹோச் சொல், வடக்கு மொழிகளில் விலங்கின் கொம்பைக் குறிக்கும் சொல்லேதான். கொம்பில் அகப்பை செய்தவர்கள், சுரை விளையும் நாட்டுக்கு வந்தபின் பழைய பெயரைப் புதுப்பொருளுக்கு இட்டிருக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கான சொல்லோ 'அயலார் உணவு' என்று பிரிகிறது. ஆதிமுதல் அதை விளைவித்துத் தின்ற குடி அப்படியொரு பெயர் வைத்திருக்காது.

ஆட்கள் நகராமலே மொழி மட்டும் பரவியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், உலகில் அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக்கரையில் உள்ள பிராமண்டரி குகைகளில் நூற்றுக்கணக்கான தோல் காலணிகள் கிடைத்துள்ளன. மானுடவியலாளர் ஜூலியன் ஸ்டீவர்ட் 1930களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த அவற்றின் தையல்முறை வடக்குப் பனிக்காட்டு மக்களுடையது; காலம் 13ஆம் நூற்றாண்டு. பல காலணிகள் குழந்தைகளின் அளவில் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேட்டைக்கு வந்துபோன ஆண்கள் மட்டுமல்ல, குடும்பங்களே தங்கியிருக்கின்றன. இந்தக் குழுவினர் நவாஹோக்களின் நேரடி முன்னோரா என்பது ஆய்வுக்குரியது. தெற்கு நோக்கிய வழியில் வடக்கத்திய மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கோ கையில் பொருள் இருக்கிறது.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. நான்கு புனித மலைகளுக்கு இடைப்பட்ட நிலத்தில்தான் தாங்கள் தோன்றியதாக நவாஹோ மரபு சொல்கிறது. அவர்களை வந்தேறிகள் என்றால் அந்த மண்மீது அவர்களுக்குள்ள உரிமை போய்விடாதா? போகாது. அங்கு முன்பே வாழ்ந்த ப்யூப்லோ மக்கள் பலர் அவர்களோடு கலந்தார்கள். நவாஹோக் குலங்களில் சில ப்யூப்லோ வம்சத்தவை. வடக்கிலிருந்து வந்தவர்களும் அங்கேயே இருந்தவர்களும் சேர்ந்து தினே என்னும் மக்களாக உருவான இடம் அந்த மலைநாடுதான். அந்த அளவில் மரபு சொல்வதும் மொழி சொல்வதும் மோதவில்லை. வந்தவர் என்ற காரணத்துக்காக உரிமை மறுப்பதென்றால், 1540இல் நுழைந்த ஸ்பானியரும் அவர்களுக்குப்பின் வந்த அமெரிக்க அரசும் எந்த உரிமையும் கோர முடியாது. அந்த அரசின் ராணுவம்தான் 1864இல் ஆயிரக்கணக்கான நவாஹோக்களை நடக்கவைத்தே போஸ்கே ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தது. 1868 உடன்படிக்கையில் அவர்கள் கேட்டுப் பெற்றது, அந்த மலைகளிடம் திரும்பிப்போகும் அனுமதியை.