காஞ்சியில் ஏகாந்தம் வேண்டுவோர்க்கு

மனம் சோர்ந்துவிட்டது, எங்கேனும் தனியாகப் போய் இருந்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றியவுடனே நம் காஞ்சிபுரத்து ஜனங்கள் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். இரவெல்லாம் பஸ்ஸில் உறக்கம் கெட்டு, போன இடத்தில் விடுதிக் கணக்கும் கூட்டமும் பார்த்து அலுத்து, திரும்பி வந்த மறுநாள் முன்னிலும் களைத்த முகத்தோடு தறியிலோ கடையிலோ வந்து உட்காருகிறவர்களைப் பலமுறை கண்டு நான் வருந்தியிருக்கிறேன். ஏகாந்தம் மாதத்தில் இருமுறையாவது கிடைத்தால்தான் உடம்புக்கும் மனத்துக்கும் பிரயோஜனம் உண்டு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆகையால், சைக்கிளிலோ நகரப் பேருந்திலோ பாசஞ்சர் ரயிலிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தை மட்டுமே தேடுங்கள்.

நாளும் வேளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு, பிரதோஷம், முகூர்த்த நாள் மூன்றையும் விலக்குங்கள். விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எப்பொழுது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.

இடத்தைத் தெரிந்தெடுப்பதில்தான் எல்லாரும் இடறுகிறார்கள். அழகான இடம் எது என்று விசாரிக்கிறார்களே ஒழிய, தாம் செய்யும் தொழில் தம்முடைய எந்தப் புலனைத் தேய்த்திருக்கிறது என்று யோசிப்பவரைக் காண்பது அரிது. குழித்தறியில் இறங்கி உட்கார்ந்த நெசவாளியின் கண்கள் காலை முதல் மாலை வரையில் ஒரு முழத்துக்கு அப்பால் போவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிவதும், கோர்வையில் கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஊடை பிசகாமல் கோத்துக்கொள்கிறதா என்று கவனிப்பதும், ஜரிகைப் புட்டா விழும் இடத்தைக் கணக்கிடுவதுமாகவே அவருக்குப் பொழுது கழிகிறது. பிள்ளையார்பாளையத்தைத் தாண்டினால் கைலாசநாதர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அவர் அங்கே போய், ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய பிராகாரத்தைச் சுற்றியுள்ள 58 சிற்றாலயங்களுக்கு நடுவே உட்கார்ந்தாரானால், அவர் கண் மறுபடியும் நுணுக்கத்தைத்தான் தேடிப் போகும். தறியிலிருந்து எழுந்து இன்னொரு தறிக்கு முன் உட்கார்ந்தது போலத்தான் ஆகும். அவருக்கு வேண்டியது தொலைவு. அது பாலாற்றங்கரையில் கிடைக்கும்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் நின்றபடியே நாளெல்லாம் புடவையை விரித்தும் மடித்தும், முகம் முகமாகப் பார்த்துப் பேசியும் ஓய்ந்தவருடைய நிலைமை வேறு. பரந்த வெளி அவரைக் கலவரப்படுத்தும். சுவரும் நிழலும் சூழ்ந்த சிறிய இடமே அவருக்கு ஆறுதல் தரும். அத்தகையவர் வேகவதிக் கரையில், ஜினகாஞ்சி என்று பெயர்பெற்ற திருப்பருத்திக்குன்றத்துக்குப் போகட்டும். விஜயநகரத்து மந்திரி இருகப்பர் 1387-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் சரிதச் சித்திரங்கள் மங்கியும் மங்காமலும் இருக்கின்றன; ஆயினும் முதல் நாளில் அவற்றை அண்ணாந்து பார்க்கவேண்டாம். அங்கே வளர்ந்து நிற்கும் குரா மரத்தின் அருகே சற்று நேரம் சும்மா இருங்கள். வேகவதியையும் தேடிப் போகவேண்டாம். நகரத்தின் கழிவு நீரைச் சுமந்து வரும் அந்த நதியின் இன்றைய கதியைக் கண்டால் மனம் வேதனைப்படுமேயன்றி இளைப்பாறாது.

சந்நிதித் தெருக்களில் பூவும் அர்ச்சனைத் தட்டும் விற்று ஜீவிப்பவர்கள், நகரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டியுள்ள பெரிய குளத்துக்குப் போகலாம். சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் அங்குள்ள நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வதால் அன்று மட்டும் நிற்கவும் இடம் இராது.

பாலாற்றுக்குத் திரும்புகிறேன். ஓரிக்கை, செவிலிமேடு முதலியன கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், நான் திருமுக்கூடலைத்தான் சொல்வேன். செங்கற்பட்டு மார்க்கத்து ரயிலில் ஏறி, வாலாஜாபாத்துக்கு அப்பால் பழைய சீவரத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்தால் தென்கரையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சங்கமிக்கும் அந்த ஊர் வந்துவிடும். வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அங்கே நடந்துவந்த செய்தியை அவ்வூர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகிறது. நோயுற்றோர் படுத்துத் தேறிய ஊரில் நாமும் சில நாழிகை இருந்துவிட்டு வருகிறோம் என்ற நினைப்பே எனக்கு மிகவும் இதமாக இருக்கிறது. தென்கரையில் வடக்கு நோக்கி அமர்ந்தால் கண்ணில் வெயில் அடிக்காது. எதிர்க்கரையில் பழைய சீவரத்து மலையும், இடையிலே மணற்பரப்பும், அதன் மேல் ஆகாயமுமாகப் பார்வைக்கு எந்தத் தடையும் இராது.

உட்காரும் ஸ்தானத்தைத் தீர்மானிக்குமுன் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மாடு போகும் தடமா, எறும்புச் சாரை ஊர்கிறதா, சீமைக் கருவேல முள் உதிர்ந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். உடைந்த புட்டியும் சீட்டுக்கட்டுத் தாளும் கிடந்தால் நிழல் எத்தனை குளிர்ச்சியாக இருந்தாலும் அவ்விடம் வேண்டாம். அதற்கு வேறு சொந்தக்காரர்கள் உண்டு. பனை நிழலை நம்பாதீர்கள், பொழுது ஏறஏற அது நகர்ந்துகொண்டே போகும். புங்க மரம் அகப்பட்டால் அதைவிட வேறு வேண்டியதில்லை. கரையோர மணலை ஒரு சாண் ஆழம் கையால் தோண்டிப் பாருங்கள். மேலே சுட்டாலும் அடியில் விரல் நுனிக்கு ஈரம் தட்டும், உள்ளங்கையில் அள்ளினால் உதிராமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருப்பதால் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. பெண்கள் தனியே வருவதாயின், ஆள் நடமாட்டமற்ற கரையைக் காட்டிலும் கோயிலை ஒட்டிய இடத்தையோ, காவலாள் உள்ள கைலாசநாதர் கோயில் புல்வெளியையோ கொள்வது உசிதம்.

கொண்டு போகவேண்டியவை ஒரு துண்டும் தண்ணீரும் மட்டுமே. ஆகாரம் கூடாது; நாயும் குரங்கும் கூடிவிடும். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் குடலை இட்லியில் ஒரு துண்டம் உண்டுவிட்டுப் புறப்பட்டால் திரும்பும் வரையில் பசி எடுக்காது. வயிறு நிறையத் தின்றாலோ தூக்கம் வந்துவிடும். புத்தகமும் வேண்டாம். கைபேசியை அணைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தபின் வரும் முதல் நாழிகை பொல்லாதது. கூலி பாக்கியும், சீட்டுப் பணமும், பெண்ணின் கல்யாணமும் வரிசையாக வந்து நிற்கும். இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று எழுந்து போகத் தோன்றும். பெரும்பாலோர் எழுந்து போய்விடுகிறார்கள். நான் கண்ட உபாயம் ஒன்று உண்டு: அந்தக் கவலைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு உரக்கச் சொல்லிவிடுங்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் இதற்குக் கூச்சம் எதற்கு? இருமுறை சொன்னபின் மூன்றாம் முறை சொல்வதற்கு மனத்துக்கே சலிப்பு வந்துவிடும். அதன்பின் தியானம் என்றும் ஜபம் என்றும் ஒன்றையும் வலிய ஆரம்பிக்காமல், தொலைவில் உள்ள ஏதேனும் ஒன்றின் மேல் பார்வையை இருத்துங்கள். எழுந்திருக்கும் நேரம் தானே தெரியும்.

இடம் பிடித்துப்போயிற்றென்றால் அடுத்தடுத்த முறையும் அதற்கே போங்கள். மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் வேடிக்கை பார்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுத்து ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரக்கூடுமாதலால் அப்பொழுது பாலாற்றங்கரை வேண்டாம். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று வரதர் பழைய சீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் எழுந்தருள்வார்; அந்த உற்சவம் முடிந்து ஜனங்கள் கலைந்தபின், தை பிற்பாதியிலிருந்து மாசி முடியும் வரையில் உள்ள காலைப் பொழுதுகளே மிக உத்தமமானவை. தறி வேலைக்கு நடுவே ஒரு காலையை ஒதுக்குவது எளிதல்ல என்பதை அறிவேன். இருந்தாலும் வரும் தையில் ஒரே ஒரு காலையை இதற்கென்று ஒதுக்கிவைக்கும்படி நெசவாள அன்பர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.