நாத்தனார் கொண்டுவந்த கிரீம்

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 49. ஒரு வருடமாக மாதவிலக்கு முறை தவறி வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்து நாலு மாதம் ஆகிறது. திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை தீயாய் எரிகிறது. அடுத்த நிமிடம் தலைமுடி நனைகிற அளவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். இங்கே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். எஸ்ட்ராடியால் ஜெல்லும், மாதத்தில் 12 நாள் மட்டும் சாப்பிட புரோஜெஸ்ட்ரான் 200 மி.கி. கேப்சூலும் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைப் பையன் கேப்சூலைப் பார்த்துவிட்டு, "இது மாசமா இருக்கறவங்களுக்குக் குடுக்கறதாச்சே" என்றான். சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஹார்மோன் என்றாலே கேன்சர் என்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு 70 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. நான் பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

இதற்கிடையில் ஹூஸ்டனிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். எச்சிலைப் பரிசோதித்து, அவருக்கென்றே கலந்து கொடுத்த 'பயோஐடென்டிக்கல்' கிரீமைப் பூசுகிறாராம். கிழங்கிலிருந்து எடுத்தது, நம் உடம்பில் சுரக்கிற அதே ஹார்மோன், பக்கவிளைவே கிடையாது என்கிறார். எனக்கும் ஒரு டப்பா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே 'பை-எஸ்ட், புரோஜெஸ்ட்ரான்' என்று எழுதியிருக்கிறது. பூசலாமா? எச்சில் பரிசோதனை இங்கே எங்கே செய்கிறார்கள்?
— வாசகி, திருச்சி

பதில்: பூச வேண்டாம் அம்மா. காரணங்களைச் சொல்கிறேன். அதற்கு முன், கைப்பையில் மடித்து வைத்திருக்கிற சீட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். நாத்தனார் ஹூஸ்டனில் தேடிப் போய் வாங்கியது எதுவோ, அதைத்தான் உங்கள் டாக்டரும் எழுதியிருக்கிறார். எஸ்ட்ராடியால், சினைப்பை சுரக்கிற முக்கியமான ஈஸ்ட்ரோஜன். ஜெல்லில் இருப்பதும் அணு பிசகாமல் அதேதான். அந்தக் கேப்சூலில் இருக்கும் புரோஜெஸ்ட்ரானும் அப்படியே. 'பயோஐடென்டிக்கல்' என்று சொல்ல இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. வித்தியாசம், ஒன்று சட்டப்படி சோதிக்கப்பட்டு, அளவு உறுதி செய்யப்பட்டு வருகிறது. மற்றது ஒரு கடையின் பின்னறையில் கலக்கப்பட்டு வருகிறது.

கடைப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அந்தக் கேப்சூல் அதிகம் விற்பது கர்ப்பம் தங்குவதற்காகத்தான். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனும் அதுவே, ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் பெண்ணின் கர்ப்பப்பையைக் காக்கும் ஹார்மோனும் அதுவே.

கிழங்குக் கதை பாதி உண்மை. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்ஸிகோக் காடுகளில் விளையும் ஒருவகைக் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பிரித்து, அதைப் படிப்படியாக மாற்றிப் புரோஜெஸ்ட்ரான் செய்தார். அதுவரை விலங்குகளிடமிருந்து துளித்துளியாக எடுத்த ஹார்மோன், அதன்பிறகு கிலோக் கணக்கில் கிடைத்தது. இன்றைக்கும் மருந்துக் கம்பெனிகளின் எஸ்ட்ராடியாலும் புரோஜெஸ்ட்ரானும் கிழங்கு, சோயா போன்ற தாவரப் பொருள்களிலிருந்து தொடங்கி ஆலையில்தான் உருவாகின்றன. நாத்தனாரின் கிரீமில் இருப்பதும் இதே வழியில் வந்த பொடிதான். தாவரம் என்பது அதற்கு மட்டும் உரிய பெருமையல்ல. கிழங்கை நேரடியாக அரைத்துப் பூசினால் ஒன்றும் நடக்காது. டயோஸ்ஜெனினைப் புரோஜெஸ்ட்ரானாக மாற்றும் நொதி மனித உடம்பில் இல்லை. 'வைல்டு யாம் கிரீம்' என்று விற்பதை வாங்கிப் பூசிவிட்டு வேர்வை குறையவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. குறையாது.

இந்தக் கலவைக் கிரீம்கள் எப்படி இவ்வளவு பிரபலமாயின என்றால், உங்கள் கேன்சர் பயம் வந்த இடத்திலிருந்துதான் அதுவும் வந்தது. 2002 ஜூலையில், அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற மாபெரும் ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். ஹார்மோன் எடுத்தவர்களில் 10,000 பேரில் ஆண்டுக்கு 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு. அந்த எட்டு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. கோடிக்கணக்கான மாத்திரைகள் குப்பைக்குப் போயின.

செய்தியில் விடுபட்டுப்போன விஷயங்கள் இரண்டு. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. வேர்வை, எரிச்சல் என்று 50ஐ ஒட்டி மருந்து கேட்டு வருகிறவர்கள் அல்லர். இரண்டாவது, கொடுத்த மருந்து. கர்ப்பமான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவையும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரான் என்ற செயற்கைப் பொருளும் சேர்ந்த மாத்திரை அது. இரண்டுமே நம் சினைப்பையில் அப்படியே சுரப்பவை அல்ல. கலவைக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதை. 'எங்கள் மருந்து அது இல்லை, ஆகவே அந்த ஆபத்தும் இல்லை' என்றார்கள். ஹாலிவுட் நடிகை சுசேன் சோமர்ஸ் புத்தகம் புத்தகமாக எழுதினார். டாக்டர்கள் பயந்து ஒதுங்கிய நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து நின்ற பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியவர்கள் அவர்கள்தான். அதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் துறை விட்ட இடத்தை அவர்கள் பிடித்தார்கள்.

அவர்கள் வாதத்தில் சாரமும் கொஞ்சம் இருக்கிறது. தோல் வழியே போகும் எஸ்ட்ராடியால் நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை. அதனால் மாத்திரையில் கூடுகிற ரத்தக்கட்டி அபாயம் ஜெல்லிலும் தோலில் ஒட்டும் பட்டையிலும் கூடுவதாகத் தெரியவில்லை. பி.பி. உள்ள உங்களுக்கு டாக்டர் மாத்திரையை விட்டு ஜெல்லை எழுதியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். பிரான்ஸில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஈ-3-என் ஆய்வில், உடம்போடு ஒத்த புரோஜெஸ்ட்ரான் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து செயற்கை வகை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே தெரிந்தது. ஐந்தாண்டுக்கு மேல் போனால் அதிலும் சற்று ஏறுகிறது. குறைவு என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. முக்கியமாக, இந்த நல்ல முடிவுகள் எல்லாம் வந்தது உங்கள் சீட்டில் இருப்பது போன்ற, கம்பெனி தயாரித்த, அளவு தெரிந்த மருந்துகளில்தான். கலவைக் கிரீம்களில் அல்ல.

கிரீமில் எனக்கு உள்ள பெரிய கவலை கர்ப்பப்பை. ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். சிலருக்கு அது புற்றாகவும் மாறும். 1975 வாக்கிலேயே அமெரிக்காவில் இது வெளிப்பட்டு, அதிலிருந்துதான் புரோஜெஸ்ட்ரானைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. தோலில் பூசும் புரோஜெஸ்ட்ரான் கிரீம் அந்தச் சுவரைக் காக்கும் அளவுக்கு ரத்தத்தில் சேர்வதில்லை. 'பை-எஸ்ட்' என்பது எஸ்ட்ரியால், எஸ்ட்ராடியால் இரண்டும் கலந்த பெயர். ஆக அந்த டப்பாவைப் பூசினால் ஈஸ்ட்ரோஜன் தாராளமாக உள்ளே போகும், காவலுக்கு ஆள் வராது. ஒரு வருடம் வேர்வை நின்று சந்தோஷமாக இருந்துவிட்டு, திடீரென்று ரத்தப்போக்கோடு வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

டப்பாவில் எச்சரிக்கைச் சீட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆபத்து இல்லாததால் அல்ல. அமெரிக்காவில் தனியாகக் கலந்து கொடுக்கும் மருந்துக்கு அந்தச் சீட்டு கட்டாயம் இல்லாததால். கம்பெனி ஜெல்லின் பெட்டியில் முழ நீளத்துக்கு எச்சரிக்கை இருக்கும். அதைப் படித்துப் பயந்து, ஒன்றும் எழுதாத டப்பாவை நம்புகிறோம். 2020இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் இந்தக் கலவை ஹார்மோன்களைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. பலன், பாதுகாப்பு இரண்டுக்கும் போதிய ஆதாரம் இல்லை, அனுமதி பெற்ற மருந்தில் உள்ள ஏதோ ஒரு சேர்மானம் ஒத்துக்கொள்ளாதவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அப்படி ஒரு தேவை உண்மையிலேயே உண்டு. சில புரோஜெஸ்ட்ரான் கேப்சூல்களில் கடலை எண்ணெய் இருக்கும், அது அலர்ஜி ஆகிறவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே.

எச்சில் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதுபோல ஹார்மோனுக்கும் அளவெடுத்துத் தைத்துத் தருகிறோம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் இன்று உச்சத்தில் இருக்கும், அடுத்த வாரம் தரையில் கிடக்கும். எந்த நாளின் அளவை வைத்துத் தைப்பது? 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் ரத்தத்தில் ஹார்மோன் பார்க்க வேண்டிய அவசியம்கூடப் பொதுவாக இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வேர்வையையும் தூக்கத்தையும் பார்த்துத்தான். அந்தப் பணத்தில் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பாருங்கள். தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு, இதே வேர்வை வரும். மெனோபாஸ் என்று நினைத்துக்கொண்டு அதைத் தவறவிடக் கூடாது.

உங்கள் பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா ஒருவருக்கு, அதுவும் 70 வயதில் வந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தடையாகாது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இளம் வயதில் வந்திருந்தால் கணக்கு வேறு. எப்படியும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆரம்பிக்கும் முன் ஒரு மேமோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி. கட்டுக்குள் இருக்கட்டும். மார்பகப் புற்றுநோய் தனக்கே வந்தவர்கள், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த வைத்தியம் பொதுவாகக் கிடையாது. மற்றபடி 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு நன்மைத் தட்டு தாழ்ந்தே இருக்கிறது, எலும்புக்கும் நல்லது. தோல் மினுங்கும், வயது குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஜெல்லைக் கையிலோ தொடையிலோ பூசுங்கள், மார்பில் வேண்டாம். காய்கிறவரை குழந்தைகள் மேல் படக்கூடாது. கேப்சூலை ராத்திரி படுக்கும்போது போடுங்கள். அது கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும். உங்களுக்கு அது கூடுதல் லாபம். 12 நாள் முடிந்ததும் மாதவிலக்குப் போல ரத்தம் வரலாம், அது எதிர்பார்த்ததே. இடையில், தாறுமாறாக வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சீட்டில் உள்ள மருந்து கருத்தடை ஆகாது. 49 வயதில் நாலு மாதம் வரவில்லை என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 50க்குள் மாதவிலக்கு நின்றவர்கள் இரண்டு ஆண்டாவது கவனமாக இருக்க வேண்டும் என்பது விதி. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பயந்துபோய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம். ஊருக்குத் திரும்பியதும் அவருடைய டாக்டரிடம் எஸ்ட்ராடியால் பட்டையும் புரோஜெஸ்ட்ரான் கேப்சூலும் கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இரண்டும் அனுமதி பெற்றவை. இரண்டையும் ஒரே கேப்சூலில் அடைத்த மருந்துக்குக்கூட 2018இல் அனுமதி கிடைத்துவிட்டது. கூடவே, எத்தனை வருடமாகக் கிரீம் பூசுகிறார் என்று கேட்டு, கர்ப்பப்பை ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 43 வயது. கட்டி இருந்ததால் 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அப்போதிலிருந்தே வேர்வையும் மூட்டுவலியும். "எடுத்தாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். எனக்கும் ஹார்மோன் உண்டா?
— வாசகி, தேனி

பதில்: உங்களுக்குத்தான் முதலில் உண்டு. 38இல் ஆரம்பித்த கஷ்டத்தை 'அப்படித்தான்' என்று விட்டது சரியில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதில் 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இது தெரியாது.

சினைப்பைகள் போயிருந்தால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் எடுப்பதே முறை. தடை ஏதும் இருந்தாலொழிய அதைக் கொடுக்காமல் விடுவதுதான் ஆபத்து. எலும்பு சீக்கிரம் தேயும், இதயமும் பாதிக்கப்படும். கர்ப்பப்பை இல்லாததால் உங்களுக்குப் புரோஜெஸ்ட்ரான் வேண்டியதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவராக இருந்தால் மட்டும் டாக்டர் அதையும் சேர்க்கலாம். மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்த பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அந்தச் செய்தி நம் ஊருக்கு வந்து சேரவே இல்லை.

சம்மரி கிடைக்காவிட்டால் ஸ்கேனிலும் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். அளவிலும் தெரிந்துவிடும், 45க்குக் கீழே இருக்கும் உங்களுக்கு அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் ஒன்றும் கேளுங்கள்.