ரயில் நிலையம் யாருக்கு, பாறை யாருக்கு?

கேள்வி: மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது ரீஜண்ட் பூங்காவில் உள்ள மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். கிர் காட்டுச் சிங்கங்களுக்கென்று புதிய இருப்பிடம் கட்டியிருக்கிறார்கள். வழியெல்லாம் குஜராத் ரயில் நிலையம், ஆட்டோ என்று ஒரு சினிமா செட் போல இருந்தது. சிங்கமோ எங்கள் பக்கம் திரும்பாமல் படுத்தே கிடந்தது. பேரன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான், அசையவில்லை. வண்டலூரில் எவ்வளவு இடம்! இங்கே இந்தச் சின்ன இடத்தில் இத்தனை செலவு செய்தது சிங்கத்துக்காகவா, பார்க்க வருகிறவர்களுக்காகவா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இரண்டு பேருக்காகவும்தான் அம்மா. ரயில் நிலையமும் ஆட்டோவும் உங்களுக்கு. வெயில் விழும் பாறை மேடு, உட்கார ஏற்ற உயரம், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்க ஒரு மறைவு, இவை சிங்கத்துக்கு. அது உங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது என்றால், அந்த இடம் அதற்கு ஒத்துப்போயிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். காட்டிலும் சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை சும்மா படுத்துத்தான் கிடக்கும். வேலியோரமாக ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் சிங்கம்தான் எனக்குக் கவலை தரும். அப்படி நடந்தால் புல் தேய்ந்து ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். எந்த மிருகக்காட்சிசாலைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அந்தத் தடத்தைத்தான்.

இடம் சின்னது என்பது உண்மை. புதிய சிங்க வளாகம் சுமார் 2,500 சதுர மீட்டர். நம் கணக்கில் 62 சென்ட். வண்டலூர் 602 ஹெக்டேர். லண்டன் மிருகக்காட்சிசாலை மொத்தமுமே 15 ஹெக்டேர்தான். சென்னையில் மூர் மார்க்கெட் பக்கம் நெருக்கடியில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலையை 1985-இல் வண்டலூருக்கு மாற்ற முடிந்தது. லண்டன்காரர்கள் 1828-இல் தொடங்கிய அதே பூங்காவிலேயே இருக்கிறார்கள். போதாததற்கு அங்குள்ள பழைய கட்டடங்கள் பல சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. இடிக்கவும் முடியாது, நினைத்தபடி மாற்றவும் முடியாது.

அந்தச் சிக்கல் எப்படிப்பட்டது என்பதற்கு அங்கேயே ஒரு சாட்சி நிற்கிறது. 1934-இல் கட்டடக் கலைஞர் லுபெட்கின் வடிவமைத்த பெங்குவின் குளம். இரண்டு கான்கிரீட் சரிவுப் பாதைகள் ஒன்றையொன்று சுற்றி அந்தரத்தில் இறங்கும். கட்டடக்கலை மாணவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் அழகு. ஆனால் கான்கிரீட்டில் நடந்து நடந்து பெங்குவின்களின் பாதம் புண்ணானது. 2004-இல் பறவைகள் வெளியேறின, குளம் மட்டும் அப்படியே நிற்கிறது. இன்னொரு பக்கம், 1830களில் டெசிமஸ் பர்ட்டன் கட்டிய உயரமான வீட்டில் ஒட்டகச்சிவிங்கிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பழைய கட்டடம் என்றாலே விலங்குக்கு ஆகாது என்பதில்லை. விலங்கின் உடம்பை அளந்து கட்டியது நிலைத்துவிட்டது.

சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகள் விஷயத்தில் அந்த அளவைக் கண்டுபிடிக்க வெகு காலம் ஆனது. வெப்ப நாட்டு விலங்கு லண்டன் குளிரைத் தாங்காது என்று 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சூடேற்றிய அறைகளில் அடைத்து வைத்தார்கள். காற்றில்லாமல் அவை நோயில் விழுந்தன. 1903-இல் அங்கே பொறுப்பேற்ற சால்மர்ஸ் மிட்செல்தான் கதவைத் திறந்து வெளிக்காற்றில் விட்டார். 1907-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக், ஒரு சிங்கம் எவ்வளவு தூரம் தாண்டும் என்று பார்த்து, அதற்கு மேல் அகலமாக அகழி வெட்டி, கம்பியே இல்லாமல் சிங்கத்தைக் காட்டினார். நம் ஊரில் அகழிக்கு அப்பால் சிங்கத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறோமே, அதன் மூலம் அங்கிருந்து வந்தது.

நீங்கள் பார்க்காத பகுதி ஒன்று இருக்கிறது. பெரும்பூனை இருப்பிடத்தின் உயிர் அதன் பின்கட்டில், இரவுக் கொட்டகையில் இருக்கிறது. காலையில் காப்பாளர் உள்ளே போனதும் செய்யும் முதல் வேலை எண்ணுவது. எத்தனை சிங்கம், எந்த அறையில் எது, எந்தத் தாழ் விழுந்திருக்கிறது. எண்ணி முடிக்காமல் எந்தச் சறுக்குக் கதவும் நகரக்கூடாது. கதவை இயக்கும் பிடி வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அதை இழுப்பவர் நிற்கும் இடத்திலிருந்தே கதவின் அடிவிளிம்பு தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் வால் நசுங்கும். இன்று நல்ல இடங்களில் புலியே கம்பிவலையோரம் விலாவைச் சாய்த்து நிற்கப் பழக்கியிருக்கிறார்கள். ஒருவர் இடுக்கியில் இறைச்சித் துண்டு நீட்டுவார், மருத்துவர் கீழ்த் திறப்பு வழியே வாலைப் பிடித்து ரத்தம் எடுப்பார். மயக்க ஊசி தேவையில்லை. அந்தக் கையகலத் திறப்பை வரைபடத்திலேயே போடாவிட்டால் பிறகு போடுவது பெரும்பாடு.

எல்லாம் சரியாகச் செய்தாலும் விலங்கு வேறு கணக்கு வைத்திருக்கும். அதே லண்டனில் 2013 மார்ச்சில் சுமத்ரா புலிகளுக்குப் புதிய இருப்பிடம் திறந்தார்கள். புலி நீந்தும் என்பதால் குளம் வைத்தார்கள். பிறந்து சில வாரமேயான குட்டி அந்த அக்டோபரில் அதில் மூழ்கி இறந்தது. 2019 பிப்ரவரியில், பத்து நாள் அடுத்தடுத்த அடைப்பில் ஒன்றையொன்று பார்க்கவிட்ட பிறகு, மெலாட்டி என்ற பெண்புலியையும் புதிதாக வந்த ஆண்புலியையும் முதல்முறை சேர்த்தார்கள். சண்டை மூண்டது. சத்தமெழுப்பியும் தீச்சுடர் காட்டியும் பிரிக்க முடியாமல் மெலாட்டி செத்துப்போனது. குட்டியை இழந்த தாயும் அதுதான். இதை எழுதும்போது மனசு கனக்கிறது. அந்தக் கதவைத் திறந்த காப்பாளரின் நிலையில் நான் என்னை வைத்துப் பார்க்கிறேன்.

சரி, கிர் சிங்கம் எதற்கு லண்டனில்? ஆசியச் சிங்கம் காட்டில் மிஞ்சியிருப்பது உலகத்தில் அந்த ஒரே வட்டாரத்தில். 2025 கணக்கெடுப்பில் 891. எண்ணிக்கை கூடியது சந்தோஷம்தான். ஆனால் எல்லாம் ஒரே கூடையில். 2018-இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி ஒரே பகுதியில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரத்தில் செத்தன. வேறு மாநிலத்தில் இரண்டாவது இருப்பிடம் அமைக்க 2013-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. இன்னும் ஒரு சிங்கம்கூடப் போகவில்லை. அதனால் ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகள் பரம்பரைப் பதிவேடு வைத்து, நெருங்கிய ரத்தம் கலக்காமல் ஜோடி சேர்த்து வளர்க்கும் சிங்கங்களுக்கு மதிப்பு உண்டு. லண்டனில் பிறந்த குட்டி கிர் காட்டுக்குத் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரயில் நிலையத்தில் நின்ற ஒருவராவது கிர் காடு எங்கே என்று தேடிப் பார்த்திருப்பார். அந்த அலங்காரத்தைப் பாதியாக்கி, அந்த நிலத்தையும் சிங்கத்துக்கே விட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த முறை போனால், கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். குளிரான காலை நல்லது, சிங்கம் நடமாடும். பேரனிடம் கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த அதிர்வு உள்ளே நாம் நினைப்பதைவிட அதிகம். அதற்குப் பதில் படுத்திருக்கும் சிங்கத்தின் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மூடியிருந்தாலும், பின்கட்டில் காப்பாளரின் சாவிக்கொத்து குலுங்கினால் அது அந்தப் பக்கம் திரும்பும்.