கையில் காகிதம் இல்லை என்று விட்டுவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. வீட்டுக்கடனோடு ஆயுள் காப்பீடு ஒன்றையும் உன் தலையில் கட்டி, அதன் பிரீமியம் 1 லட்சத்தையும் கடனிலேயே ஏற்றியிருக்கிறார்கள். போய்க் கேட்டால், "பாலிசி பேப்பர் இருந்தா கொண்டு வாங்க மேடம், இல்லாட்டி ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்தப் பதில் தப்பு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே.

கடனோடு சேர்த்துத் தரும் காப்பீடு பெரும்பாலும் குழுக் காப்பீடு. மாஸ்டர் பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும். நீ அதில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். உனக்கு வரவேண்டியது காப்பீட்டுச் சான்றிதழ் ஒன்று. அதையும் அவர்கள் அனுப்பியதாகத் தெரியவில்லை. அசலை வங்கியே வைத்துக்கொண்டு உன்னிடம் பேப்பர் கேட்பது எந்த ஊர் நியாயம்? உன் கடன் கணக்கு எண் ஒன்று போதும். மற்றதெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆகவே பேப்பரைத் தேடி பீரோவைக் கலைப்பதை நிறுத்திவிட்டு, அவர்களிடமிருந்து அதை எழுத்தில் கேட்டு வாங்கு.

முதலில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை முதல் நாளிலிருந்து எடு. கடைசி ஒரு வருஷத்துக்கானதை நீட்டுவார்கள், அது வேண்டாம். பணம் பட்டுவாடா ஆன நாளில் இரண்டு பற்று இருக்கும். வீடு விற்றவருக்குப் போனது ஒன்று, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது இன்னொன்று. அந்த இரண்டாவது வரியில் தேதி, தொகை, பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். உன் வழக்குக்கு அந்த ஒரு வரிதான் அஸ்திவாரம். பிறகு, அந்த வாரத்தில் உன் செல்போனுக்கும் இமெயிலுக்கும் வந்தவற்றைத் தேடிப் பார். காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, செல் நம்பரும் பிறந்த தேதியும் சொன்னால் சான்றிதழ் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உன்னுடையது பொதுத்துறை வங்கி என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது: தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உன் கடன் கோப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கடன் ஒப்பந்தத்தையும் அதன் இணைப்புகளையும் கடன்தாரருக்கு நகல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒன்றும் தர வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் அதில் வர வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. நீ கடன் வாங்கியது அதற்குப் பிறகுதான் என்பதால், அந்த அறிக்கையைக் கண்டிப்பாகக் கேள்.

அவர்களிடம் கேட்க வேண்டியவற்றிலேயே முக்கியம் முன்மொழிவுப் படிவமும் உடல்நலம் பற்றிய உறுதிமொழியும். யார் நிரப்பினார்கள், கையெழுத்து யாருடையது, ஓடிபி மூலம் சம்மதம் என்றால் எந்த நேரத்தில், எந்த எண்ணுக்குப் போனது என்று பார். உனக்குத் தைராய்டு மாத்திரை எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படிவத்தில் "நோய் எதுவும் இல்லை" என்று யாரோ டிக் போட்டிருந்தால், அது வெறும் அலட்சியம் இல்லை. நாளைக்கு உனக்கு ஒன்று ஆகிவிட்டால், உண்மையை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். பணத்தையும் வாங்கிக்கொண்டு, பாதுகாப்பும் இல்லாமல் ஆக்குவது இது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

பணக் கணக்கையும் பார்த்துக்கொள். 1 லட்சத்தைக் கடனில் ஏற்றினால், 9 சதவீத வட்டிக்கு 20 வருஷத்தில் மாதம் சுமார் 900 ரூபாய் வீதம் மொத்தம் 2.16 லட்சம் கட்டியிருப்பாய். ஆகவே பிரீமியத்தை மட்டும் திருப்பிக் கேட்காதே; அதன்மேல் இதுவரை கட்டிய வட்டியையும் சேர்த்துக் கேள்.

"இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் லோன் பாஸ் ஆகும்" என்று அந்த அதிகாரி சொன்னாரே, அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. வங்கி விற்கும் காப்பீட்டை வாடிக்கையாளர் விருப்பப்பட்டால்தான் எடுக்க வேண்டும், கடனோடு அதை முடிச்சுப் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி எழுதியே வைத்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனி: வீட்டுக் கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீடு வேறு. ஒப்பந்தத்தில் அதைக் கட்டாயம் என்று போட்டிருக்கலாம். அதையும் இதையும் குழப்பினால் உன் புகார் பலவீனப்படும்.

கடிதம் இரண்டு எழுது, வங்கிக்கு ஒன்று, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒன்று, இரண்டும் ஒரே நாளில். நேரில் போய்ப் பேசுவதோடு விடாதே. பேச்சுக்குச் சாட்சி கிடையாது. புகார் எண் வாங்கு. பாலிசி வேண்டாம் என்று திருப்பித் தரும் 30 நாள் அவகாசம், ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். "அது எப்பவோ முடிஞ்சிருச்சு" என்று சொன்னால், எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், ஒப்புகை எங்கே என்று கேள்.

காப்பீட்டு நிறுவனம் மழுப்பினால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் போடு, அல்லது 155255-க்குப் போன் செய். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையிலான விவகாரங்களை எடுப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் அதன்மேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தனியாகப் புகார் கொடு. நுகர்வோர் ஆணையத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள். அங்கே வழக்கு நடக்கும்போது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் உன் புகாரைத் தொடமாட்டார். ஆனால் ஆணையத்துக்கு இரண்டு வருஷக் கெடு உண்டு. அதையும் காலண்டரில் குறித்து வை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று யோசிக்காதே. இங்கிலாந்தில் இதே மாதிரி கடனோடு விற்ற காப்பீட்டுக்காக வங்கிகள் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுத்தன. 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று கெடு வைக்கும் அளவுக்குப் புகார்கள் குவிந்தன. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதவர்கள் பெயர், பழைய முகவரி, பிறந்த தேதி கொடுத்தார்கள். வங்கிகள் தங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நீ புகார் கொடுத்த விஷயம் வெளியே தெரிந்தால், "பணத்தை மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது கூப்பிடலாம். பேசாதே, ஓடிபி சொல்லாதே.

கடைசியாக ஒன்று. உனக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, கடனும் உன் பெயரில் இருக்கிறது. இந்தக் காப்பீட்டை ரத்து செய்யும் முன், உண்மையான உடல்நல விவரங்களைச் சொல்லி உன் பெயரில் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்துவிடு. அது கைக்கு வந்த பிறகு இதை விடு. மாப்பிள்ளையையும் கூட உட்கார வைத்து எழுது. நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன். ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஒப்புகையோடு, திங்கட்கிழமை போட்டுவிடலாம்.

அன்புடன்,
பெரியம்மா