சாண எரிவாயுக் கலனும் வினையின் வேகமும்

சாணத்திலிருந்து எரிவாயு பெறும் ஆராய்ச்சி நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டிலேயே டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெற்றது. மிதக்கும் வாயுக் கொப்பரையுடைய கலனை 1950-களில் ஜஷ்பாய் படேல் வகுத்தார். 1960-களில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதை நாட்டில் பரப்பலாயிற்று. கலனின் வடிவம் எதுவாயினும், அதன் கொள்ளளவு உள்ளே நிகழும் வினையின் வேகத்தைப் பொறுத்ததாகும்.

வினையின் இரு படிகள்

காற்றுப் புகாத கலனில் ஒருவகை நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. வேறுவகை நுண்ணுயிர்கள் அவ்வமிலங்களிலிருந்து மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. முன்னவை விரைந்து பெருகும். பின்னவை பெருகப் பல நாட்கள் ஆகும். ஆகவே அளவு மீறிச் சாணம் இட்டால் அமிலம் தேங்கி வாயு குன்றும்.

வெப்பநிலையும் இவ்வேகத்தை மாற்றும். ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடில் வினை நன்கு நிகழும். 15 டிகிரிக்குக் கீழே மிகவும் மந்தமாகும். இதனால் சாணக் கரைசல் கலனில் தங்கவேண்டிய காலம் வெப்பமான பகுதிகளுக்கு 30 நாள், மிதமான பகுதிகளுக்கு 40 நாள், குளிர்ந்த பகுதிகளுக்கு 55 நாள் என வகுக்கப்பட்டுள்ளது.

கொள்ளளவைக் கணித்தல்

நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதற்குச் சமமான நீரும் சேர்ந்து சுமார் 100 லிட்டர் கரைசல் ஆகும் எனக் கொள்க. 40 நாள் தங்குவதற்கு 4,000 லிட்டர் இடம் வேண்டும். ஒரு கிலோ சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தருமாதலால், நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதே கலனில் நீரை இரு மடங்காக்கினால் கரைசல் 150 லிட்டராகும். அது 27 நாட்களுக்குள் வெளியேறிவிடும். சாணம் முற்றும் செரிக்காது. மெதேன் நுண்ணுயிர்களும் உடன் வெளியேறும்.

குளிர்காலத்தில் நேரும் தவறு

குளிர்காலத்தில் அடுப்பு மங்கும்போது குடும்பத்தார் கூடுதலாகச் சாணம் இடுவது இயல்பு. நுண்ணுயிர்களுக்கு அதிக நாட்கள் தேவைப்படும் பருவத்தில் இச்செயல் நாட்களைக் குறைத்துவிடுகிறது. குறை மேலும் வளர்கிறது. வழக்கமான அளவையே இட்டு, வெயிலில் சூடேறிய நீரில் சாணத்தைக் கரைப்பதும், கலனைச் சுற்றி வைக்கோல் பரப்புவதுமே தக்க வழிகள்.

களப்பணியாளர் மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கலனின் அளவை முடிவு செய்தலாகாது. மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டின் சாணத்தில் ஒரு பகுதி வெளியிலேயே விழுந்துவிடும். தொழுவத்தில் சேரும் சாணத்தைச் சில நாட்கள் நிறுத்துப் பார்த்த பின்னரே அளவைக் குறித்தல் வேண்டும்.

பயிற்சி: நாள்தோறும் 80 கிலோ சாணம் கிடைக்கும் வீட்டிற்கு 30 நாள், 55 நாள் ஆகிய இரு காலங்களுக்கும் வேண்டிய கொள்ளளவை மாணவர் கணக்கிட்டு ஒப்பிடுக.