நிலம் குலுங்கும் பாடம்

கேமரன் மலைத் தோட்டப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் எழுதுவது.

1. "நம் நாட்டில் நிலநடுக்கம் வராது" என்று பாடத்தைத் தொடங்காதீர்கள். 2015 ஜூன் 5-ல் சபாவின் ரானாவ் 6.0 அளவில் குலுங்கியது. கினாபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மலையேற வந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் அடக்கம். நம் பகாங்கிலேயே புக்கிட் திங்கியில் 2007 கடைசியில் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடங்கின. 2025 ஆகஸ்டில் ஜொகூரின் சிகாமட்டில் 4.1.

2. இந்த எண்களை அரிசியால் காட்டுங்கள். அளவு ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. முதலில் ஒரே ஒரு அரிசி. அடுத்த படிக்கு 32. அதற்கடுத்ததற்கு 32 குவியல். வகுப்பில் பதினொரு பேர் என்றால் ஆளுக்கு மூன்று குவியல், ஒன்று குறையும். சிகாமட்டுக்கும் ரானாவுக்கும் இரண்டு படிக்குச் சற்றுக் குறைவு என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

3. அலைக்கு, தோளில் கைபோட்டு வரிசையாக நிற்கவையுங்கள். பின்னாலிருந்து தள்ளினால் வேகமாகப் போவது முதல் அலை. பக்கவாட்டில் ஆட்டினால் மெதுவாகப் போவது இரண்டாவது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பழகிய பிள்ளைகள் இவர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இரண்டு அலைகளுக்கும் இடையே பத்து வினாடி என்றால் நடுக்கம் பிறந்த இடம் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி.

4. அகர்-அகர் தட்டின்மேல் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி ஆட்டுங்கள். ஒல்லிக் கோபுரம் முதலில் விழும். பாடம் முடிந்ததும் தட்டு காலியாகிவிடும், கவலை வேண்டாம்.

5. ஒத்திகையை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருமுறை நான் சொல்லாமல் மேசையைப் பிடித்து உலுக்கினேன். ஒரு குட்டிப் பெண் அன்று முழுக்க அழுதாள். மேசைக்கடியில் புகு, தலையை மூடு, மேசைக்காலை விடாதே. இவ்வளவு போதும்.

6. இனிமேல்தான் நம் ஊர்ப் பாடம். இங்கே மலையை இறக்குவது பெரும்பாலும் மழை. 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் மாண்டார்கள். இரண்டு பலகைகளில் மண் பரப்புங்கள். ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண், மற்றதில் வெறும் மண். ஒரே சரிவில் சாய்த்து, ஓட்டை போட்ட மீலோ டின்னால் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு அடியில் ரூலரால் தட்டுங்கள். வெறும் மண் வழுக்கும் முன்னே மேல் விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும். அதை எல்லாப் பிள்ளையும் பார்க்கும்வரை ஊற்றுங்கள், அவசரப்படாதீர்கள்.

வகுப்பில் பார்த்த அடையாளம் வெளியே கைகொடுக்கும். 2004 டிசம்பர் 26-ல் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி, கடல் நுரைத்த விதத்தைப் பார்த்தே சுனாமி என்று பெற்றோரிடம் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது அது.

7. மறுநாள் லயத்துப் பின்பக்கம் கூட்டிப் போங்கள். மேட்டில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று: பிள்ளைகளே தேடட்டும். கண்டால் யாரிடம் ஓடுவது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அப்பா அம்மா வேலைக்காட்டில் இருப்பார்கள். மண்டோர் வீடு எது என்று ஒவ்வொருவரும் கை நீட்டிக் காட்டிய பிறகு வகுப்புக்குத் திரும்புங்கள்.