வயிற்றில் பிள்ளையோடு பனிக்குள் போகிறவளுக்கு

அன்புள்ள தாரணிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உனக்கு 22 வாரம் முடிந்துவிட்டது, ஸ்கான் எல்லாம் நல்லபடி வந்தது என்று உன் அம்மா போனில் சொன்னா. சொன்ன கையோடு, நீயும் நிமலனும் போன கிழமை காட்டினோ பார்க்கில் ஸ்கீ ஓடியதையும், மாசியில் பான்ஃப் போக ஆயத்தம் செய்வதையும் சொல்லி அழாக்குறையாகக் கதைத்தா. "அக்கா, நீங்கள் பிள்ளைப்பேற்று வார்டிலேயே காலம் முழுக்க நின்றனீங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றா. நான் உன்னை மறித்து எழுதுவேன் என்று அவ எதிர்பார்க்கிறா. நான் மறிக்கப் போவதில்லை. ஆனால் சும்மா வாழ்த்தி அனுப்பவும் போவதில்லை. இதைப் பொறுமையாக வாசி. பிறகு நிமலனிடமும் கொடு. பாதி அவருக்குத்தான்.

ஒட்டாவாவில் குளிர்காலம் என்றால் ஐந்து மாதம். உன் கர்ப்பத்தின் பெரும்பகுதி அதற்குள்தான் போகிறது. அவ்வளவு காலமும் ஹீட்டருக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது பிழை. கனடாவின் மகப்பேற்று மருத்துவர் சங்கமும் உடற்பயிற்சி விஞ்ஞானச் சங்கமும் சேர்ந்து 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. வேறு சிக்கல் இல்லாத பிள்ளைத்தாச்சி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதை மூன்று நாளுக்குக் குறையாமல் பிரித்து, மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது அது. கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்தமும் மனச்சோர்வும் அதனால் குறைகின்றன. நீரிழிவு என்ற சொல்லை நம் ஆட்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. உனக்கும் 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் சீனிப் பரிசோதனை வைப்பார்கள். சாப்பிட்டபின் இருவரும் அரை மணி நேரம் ஸ்னோவில் நடந்துவிட்டு வருவது அதற்கு நல்ல தயாரிப்பு.

ஒன்றை மட்டும் வெளியே போவதால் கிடைக்கும் என்று நம்பாதே. ஒட்டாவாவின் குளிர்கால வெயிலில், அதுவும் எங்கள் மாநிறத் தோலில், வைட்டமின் டி உருவாகாது. மருத்துவிச்சி தந்த குளிசையை விடாமல் போடு.

அம்மாவுக்குக் குளிரில்தான் பயம். எனக்குக் குளிரில் அவ்வளவு பயம் இல்லை. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ பாதிப் பங்கு கூடுகிறது, அதனால் உனக்குச் சூடாகத்தான் இருக்கும். உனக்கே தெரியும், நிமலன் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்து மூடும் நேரத்தில் நீ கழுத்தைத் திறந்துவிடுகிறாய். உன் சிக்கல் வியர்வை. ஏறும்போது வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் உடம்போடு ஒட்டி, பத்து நிமிடத்தில் நடுக்கம் வரும். ஆகவே உடம்போடு ஒட்டுவது கம்பளி நூல் உடுப்பாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். அதற்குமேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்று மறைக்கும் ஜாக்கெட். புறப்படும்போது சற்றுக் குளிருகிற மாதிரி இருந்தால் அளவு சரி. காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போகும் நாளில் வெறும் தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று வானிலை அலுவலகம் சொல்லும். அந்த நாளில் வீட்டிலேயே இருங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் தண்ணீர் குறைந்தால் வயிறு இறுகி இறுகி வலிக்கும், சிறுநீர்த் தொற்றும் வரும். பிளாஸ்கில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டு போய் அடிக்கடி குடி. குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டி வருமே என்று குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். தோள்வார் வைத்த ஸ்கீ காற்சட்டையை இந்த வருடம் விட்டுவிட்டு, இடுப்பில் கழற்றக்கூடியதைப் போடு. மரத்துக்குப் பின்னால் போவதில் ஒரு வெட்கமும் இல்லை. அடக்கி வைத்திருப்பதுதான் கூடாது.

நான் உண்மையில் பயப்படுவது விழுவதற்கு. முதல் மூன்று மாதமும் கருப்பை இடுப்பெலும்புக்குள் ஒதுங்கி இருந்தது. இப்போது அது வெளியே, முன்னால் வந்துவிட்டது. உன் உடம்பின் நடுப்பாரம் மாறிவிட்டது, மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன, இன்னும் கொஞ்ச நாளில் உன் பாதம் உன் கண்ணுக்கே தெரியாது. பத்து வருடமாக ஸ்கேட்டிங் செய்கிறேன் என்று நீ சொல்லலாம். அந்தப் பத்து வருடத்தில் இருந்த உடம்பு இது இல்லை.

ஆகவே ரிடோ கால்வாயில் இந்த வருடம் நடந்து மட்டும் போ. ஸ்கேட் சப்பாத்தைக் கட்டாதே. அந்த 7.8 கிலோமீட்டர் ஐஸ் முழுவதும் ஒரே வழுவழுப்பாக இருப்பதில்லை. இரவில் வெடித்த கீறலுக்குள் பிளேட் மாட்டினால் ஆள் முன்பக்கமாகத்தான் விழும், அதுவும் வயிற்றின் மேல். பின்னால் வேகமாக வரும் பொடியன் உன்னைப் பார்க்கவும் மாட்டான். சப்பாத்துக்கு அடியில் கம்பி முள் மாட்டிக்கொண்டு, கரையோரமாக இருவரும் கைகோத்து நடக்கலாம். கால்வாய் திறந்திருக்கிறது என்று அறிவித்திருந்தால் மட்டும் இறங்குங்கள். அவர்கள் ஐஸ் 30 சென்டிமீட்டர் தடிக்கும்வரை திறப்பதில்லை. 2022-23 குளிர்காலத்தில் அது தடிக்கவேயில்லை, 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஆட்கள் அளந்து பார்க்காத ஏரியில் கால் வைக்கவே வேண்டாம்.

காட்டினோவில் ஸ்கீயை முழுதாக விடச் சொல்லமாட்டேன். உனக்குப் பழகிய தடம், சமதரை, இயந்திரம் போட்டு வைத்த இரட்டைக் கோடு. அதற்குள் நின்று மெதுவாகப் போவது வீட்டுப் படியில் இறங்குவதைவிடப் பத்திரம். இறக்கம் வந்தால் ஸ்கீயைக் கழற்றிக் கையில் பிடித்து ஓரமாக நடந்து இறங்கு. நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். 28 வாரத்துக்குப் பிறகு ஸ்கீயையும் வைத்துவிட்டு ஸ்னோ ஷூவுக்கு மாறு. அகலமான பாதம், கையில் இரண்டு தடி, மெத்தையான ஸ்னோ. இந்த மண்ணின் அனிஷினாபே மக்கள் வேட்டைக்கும் பயணத்துக்கும் குளிர்காலம் முழுக்க அதில்தான் நடந்தார்கள். பிள்ளை பெறப்போகும் பெண்களும் அவர்களோடு நடந்திருப்பார்கள்தானே.

படியைப் பற்றிச் சொன்னேன். அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழுந்துவிட்டேன் என்று எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைத்தாச்சிகளில் மலையிலும் காட்டிலும் விழுந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்துமிடத்தில், குப்பைத்தொட்டியை வீதிக்கு இழுத்துப் போகையில் விழுந்தவர்கள். பகலில் உருகி இரவில் கண்ணாடிபோல உறைந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பெரிய உலாவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை வாசலில் உப்புப் போடுவதற்குக் கொடுங்கள். கம்பி முள்ளைக் காரிலோ அலுமாரியிலோ வைக்காமல் கதவடியில் வை.

விழுந்தால் என்ன செய்வது? கையை ஊன்றி எழும்பப் பாடுபடாதே. பக்கவாட்டில் உருண்டு, முழங்காலில் நின்று, நிமலனின் தோளைப் பிடித்து எழும்பு. மெதுவாகப் பின்பக்கம் விழுந்து, ஒரு நோவும் இல்லையென்றால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வயிறு அடிபட்டால் சிரிப்பு வேண்டாம். வலி இல்லை, இரத்தம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்காதே. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிவது முதலில் வெளியே தெரியாமல் இருக்கலாம். 23 வாரம் கடந்தவர்களை ஆஸ்பத்திரியில் குறைந்தது நாலு மணி நேரம் பிள்ளையின் இதயத்துடிப்புக் கருவியோடு வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். உன் இரத்தம் நெகட்டிவ் வகை. அப்படி ஒரு அடி பட்டால் ஆன்டி-டி ஊசியும் போடவேண்டி வரும் என்பதை நீ மறந்தாலும் நிமலன் மறக்கக் கூடாது.

அடுத்தது புகை. நிமலனின் சிநேகிதர்கள் சிம்கோ ஏரியில் ஐஸுக்கு மேல் குடில் போட்டு மீன் பிடிக்கிறார்களாம், உங்களையும் கூப்பிடுகிறார்களாம். நீ போகாதே. அந்தச் சின்னக் குடிலுக்குள் எரியும் காஸ் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இரத்தம் அதைத் தாயின் இரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், விடுவதற்கும் அதிக நேரம் எடுக்கும். உனக்கு லேசான தலையிடி என்று தோன்றும் நேரத்தில் பிள்ளைக்கு அது லேசாக இருக்காது. விறகடுப்பு வைத்த கூடாரத்தில் படுப்பதும் இந்த வருடம் இல்லை. ஸ்னோ மலைபோலக் குவிந்த இடத்தில் காரை ஓடவிட்டுச் சூடு காய்வதற்கு முன், புகைக்குழாய் வாயை நிமலன் தோண்டித் திறந்துவிட வேண்டும்.

அல்கொன்குவின் பார்க்கில் மியூ லேக்கில் யூர்ட் என்ற வட்டக் கூடாரத்தில் ஓர் இரவு தங்குவது எனக்குச் சம்மதம், அங்கே மின்சார ஹீட்டர்தான். ஆனால் இப்போதே போய்விட்டு வாருங்கள், பங்குனி வரை தள்ளிப்போடாதீர்கள். அங்கிருந்து ஹண்ட்ஸ்வில் ஆஸ்பத்திரிக்கு வீதி துப்புரவாக இருந்தாலே ஒரு மணி நேரமளவு ஓடவேண்டும். ஸ்னோ கொட்டும் இரவில் அது எவ்வளவாகும் என்று யாராலும் சொல்ல ஏலாது.

பான்ஃப் பற்றி. நகரம் 1,383 மீட்டர் உயரம், அதில் ஒரு தடையும் இல்லை. ஆற்றங்கரையில் நட, ஊரைச் சுற்றிப் பார். ஆனால் பக்கத்திலுள்ள சன்ஷைன் ஸ்கீ மலையின் உச்சி 2,730 மீட்டர். தாழ்நிலத்தில் வாழ்கிறவள் கர்ப்பத்தோடு 2,500 மீட்டருக்கு மேல் போய் உடம்பை வருத்தக்கூடாது என்று நான் முதலில் சொன்ன அதே வழிகாட்டி சொல்கிறது. மலைச்சரிவில் ஸ்கீ ஓடுவதோ எந்த உயரத்திலும் கூடாது. நீ எவ்வளவு கெட்டிக்காரியானாலும், மேலிருந்து வந்து மோதுகிறவனை உன்னால் தடுக்க முடியாது. நிமலன் வேண்டுமானால் ஒரு நாள் தனியாக ஏறட்டும். அதில் மனத்தாங்கல் வைக்காதே. வெந்நீர் ஊற்றுக் குளத்துக்கும் ஆசைப்படாதே. அந்தத் தண்ணீர் சாதாரணமாக 37இலிருந்து 40 பாகை. உன் உள்உடம்புச் சூடு 39ஐத் தாண்டக் கூடாது. சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கி ஈரத்தரையில் மயங்கி விழுந்தவர்களும் உண்டு. கரையில் இருந்து காலை மட்டும் நனை.

இனி நிமலனுக்கு.

தம்பி, இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வேலை பாரம் தூக்குவது மட்டும் இல்லை. திரும்புவோம் என்று முதலில் சொல்வது உங்கள் வேலை. தாரணி சொல்லமாட்டாள். சின்ன வயதிலேயே, களைத்தாலும் வாய் திறக்காத பிள்ளை அவள். இப்போது அதற்கு மேலே, தன்னால் உங்கள் நாள் கெடக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும். உலாவில் வரும் கரைச்சல் பெரும்பாலும் போகும் வழியில் வராது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் அந்த மரக்குடில் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நடந்த அந்தக் கொஞ்சத் தூரம், திரும்பும்போது இரண்டு மடங்காகிவிடும். வெளிச்சமும் அப்போதுதான் போகும். எனவே காரைப் பூட்டும்போதே ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்ததும், குடில் கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், திரும்புங்கள்.

அவள் கதைக்கிறாளா என்று காது கொடுத்துக்கொண்டே போங்கள். கதைத்துக்கொண்டு நடக்க முடிந்தால் வேகம் அளவானது. அவள் வசனத்தைப் பாதியில் விட்டால் நில்லுங்கள். பேச்சே நின்றுவிட்டால் கடிகாரம் என்ன சொன்னாலும் அன்றைக்கு அவ்வளவுதான். இளைப்பாறியும் மூச்சு அடங்காவிட்டால், நெஞ்சு நொந்தால், தலை சுற்றினால், வயிறு ஒழுங்கான இடைவெளியில் இறுகினால், இரத்தமோ நீரோ கசிந்தால், பிள்ளையின் அசைவு குறைந்ததுபோல அவளுக்குத் தோன்றினால் நேரே ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்ற கதை வேண்டாம். காட்டினோவிலும் அல்கொன்குவினிலும் பல இடங்களில் போன் வேலை செய்யாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள். வந்ததும் இன்னொன்று. நித்திரையில் இருந்தாலும் பார்ப்பேன்.

தாரணி, நிமலன் திரும்புவோம் என்றால் நீ வாதாடக் கூடாது. இது ஒன்றை மட்டும் எனக்கு வாக்குத் தா. பிறகு, காரில் ஏறும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் கீழ்ப்பட்டியை வயிற்றுக்குக் கீழே, தொடைப்பக்கமாகப் போட்டுக்கொள்.

அம்மாவோடு நான் கதைக்கிறேன். அவ பயப்படுவதில் பாதி நியாயம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவவுக்கு உன் ஸ்கீ படங்களை அனுப்புவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து, கால்வாயில் கைகோத்து நடக்கும் படத்தை அனுப்பு.

பங்குனி கடைசியில் லனார்க் பக்கம் மேப்பிள் பாணி காய்ச்சுவார்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் மரத்தில் சாறு ஓடும், 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாணி. அப்போது உனக்கு 32 வாரம் இருக்கும். சேறும் ஐஸும் கலந்த தரை, ஆனால் நடக்கவேண்டிய தூரம் கொஞ்சம்தான். நானும் வருகிறேன். சீனிப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் உனக்கு எவ்வளவு பாணி என்று சொல்வேன். பான்ஃப் டிக்கெட் எடுக்கமுன் மருத்துவிச்சியிடம் கேட்டுவிட்டு, அவ சொன்னதை எனக்கும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா